கோடைக்கு வரவிருக்கும் சம்பந்திக்கு என் தோல் நிலவரம்

தளி,
மன்மத வருஷம், பங்குனி மாதம்.

ரிஜிஸ்தர் ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவாக நெடுங்காலம் விளங்கி, இப்போது சேலத்தில் ஓய்வோடும் கௌரவத்தோடும் இருந்துவரும் சம்பந்தி நாராயணப்பன் அவர்கள் சமூகத்துக்கு, தளி ராமப்பன் தலை தாழ்த்தி எழுதிக்கொண்டது.

இவ்விடம் நானும் என் சம்சாரம் மாதம்மாளும் மாடு கன்றுகளும் கொல்லையில் இருக்கிற முட்டைக்கோசும் சௌக்கியம். அவ்விடம் தாங்களும், மாப்பிள்ளை கிருஷ்ணப்பனும், என் மகள் ராஜாத்தியும் அதேபோல் சௌக்கியமாக இருக்க வேண்டுமென்று பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். தங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. சேலத்தில் வெயில் இப்போதே கொளுத்த ஆரம்பித்துவிட்டது என்றும், சித்திரை பிறந்ததும் வழக்கம்போல் இங்கே வந்து தங்குவதாகவும், போன இரண்டு கோடையிலும் வைகாசியோடு திரும்பியது பெரிய தப்பு என்றும், இந்தத் தடவை ஆடி முடிய இருந்து என் தோல் வியாதியை அடியோடு ஒழித்துவிட்டுத்தான் ஊர் திரும்பப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மரியாதைக்காக இப்படி எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நிஜமாகவே அரித்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதல் வருஷத்துச் சங்கதி தங்களுக்கு ஞாபகம் இருக்கும். கல்யாணம் முடிந்து வந்த முதல் கோடை அது. சம்பந்தி அம்மாள் காலமான பிறகு வெயில் நாளில் அந்த வீட்டுச் சுவர்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை என்று சொல்லி, ஓசூருக்கு ஒரு பஸ், ஓசூரிலிருந்து தளிக்கு ஒரு பஸ் என்று மாறி மாறி வந்தீர்கள். பஸ் நிற்கிற இடத்தில் நான் மாட்டு வண்டியோடு காத்திருந்தேன். தாங்கள் இறங்கினீர்கள், நான் கும்பிட்டேன், தாங்கள் பதிலுக்குக் கும்பிடுவதற்கு முன்னால் வண்டியைப் பார்த்துவிட்டு, மாடு பூட்டியிருக்கிற முறையே தப்பு, இடத்து மாட்டை வலத்திலும் வலத்து மாட்டை இடத்திலும் மாற்றிக் கட்டு என்றீர்கள். கட்டினேன். பிறந்ததிலிருந்து ஒரே பக்கம் நின்று பழகிய மாடுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றனவே தவிர, நகரவில்லை. பழையபடி கட்டினேன். சேலத்து மாடாக இருந்தால் போயிருக்கும் என்றீர்கள். அந்த நிமிஷத்தில்தான் என் பிடரியில் முதல் தடிப்பு கிளம்பியது. நான் அதைக் கொசு என்று நினைத்துத் தட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபோது முதுகு முழுக்க இலந்தைப்பழம் கொட்டி வைத்த மாதிரி சிவந்து வீங்கியிருந்தது. தாங்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்ட வந்து பார்த்து, வேர்க்குரு என்று சொன்னீர்கள். எங்கள் வம்சத்தில் யாருக்கும் வேர்க்குரு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இந்த ஊரில் சித்திரையில்கூடக் கம்பளி இல்லாமல் படுக்க முடியாது. அதைச் சொன்னேன். "வெயில் வெளியில இல்ல சம்பந்தி, உங்களுக்கு உள்ள இருக்கு" என்றீர்கள். இப்போது நிதானமாக யோசித்துப் பார்க்கிறபோது, தாங்கள் சொன்னதில் பாதி சரி என்று படுகிறது.

உள்ளே இருக்கிற வெயிலை இறக்குவதற்காக முதலில் களியை நிறுத்தினீர்கள். பால் மறந்த நாளிலிருந்து ராகிக் களியும் அவரைக்காய்க் குழம்பும் தின்று வளர்ந்தவன் நான். தாங்கள் சேலத்திலிருந்து கொண்டுவந்திருந்த பார்லியைக் கஞ்சியாகக் காய்ச்சி, உப்பில்லாமல், மூன்று வேளையும் எனக்குக் கொடுக்கச் சொன்னீர்கள். கஞ்சி குடித்துவிட்டு நான் கோசுப் பாத்திக்குத் தண்ணீர் கட்டப் போனால், தாங்களும் குடையோடு கூடவே வந்து, கோசை இவ்வளவு நெருக்கமாக நடக் கூடாது என்று சொன்னீர்கள். பக்கத்து வயல்காரரிடம் நான் "ஊட்ட ஆச்சா" என்று கேட்டால், நம் பாஷை என்ன பாவம் செய்தது, தமிழில் கேட்கக் கூடாதா என்றீர்கள். மறுநாள் அவரைப் பார்த்து "தாங்கள் உணவு அருந்தியாயிற்றா" என்று கேட்டேன். அவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, நேராக மாதம்மாளிடம் போய், ராமப்பனுக்கு என்னவோ ஆகிவிட்டது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போனார். இதையெல்லாம் குறையாக எழுதவில்லை. தங்களைப் போல என்மேல் அக்கறை எடுத்துக்கொண்டவர்கள் இந்த உலகத்தில் யாரும் இல்லை. பெற்ற தாய்கூட என்னை இப்படிக் கவனித்ததில்லை, அவளுக்கு வேறு வேலை இருந்தது. ஒவ்வொரு தடவை தாங்கள் வாய் திறந்து ஒரு நல்லது சொல்லும்போதும் எனக்கு ஒரு இடத்தில் தடித்தது என்பதைத் தவிர, வேறு ஒரு குறையும் இல்லை.

வைகாசியில் ஒரு நாள் தாங்கள் பஸ் ஏறினீர்கள். பஸ் ஏரிக்கரை திரும்பி மறைந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் என் முதுகு சமதரையாகிவிட்டது. சேலத்திலிருந்து தங்கள் கடிதம் வந்தது, பார்லி வேலை செய்திருக்கும் பாருங்கள் என்று. செய்திருந்தது என்று பதில் எழுதினேன்.

இரண்டாவது வருஷம் தாங்கள் ஒரு தீர்மானத்தோடு வந்தீர்கள். வந்த அன்றே என் தோளில் தடிப்பைப் பார்த்துவிட்டு, போன வருஷம் வேர்க்குரு என்று நினைத்தது பிசகு, இது காணாக்கடி என்றீர்கள். அதாவது கண்ணுக்குத் தெரியாமல் எதுவோ கடித்திருக்கிறது, அது இந்த வீட்டுக்குள்ளேதான் குடியிருக்கிறது, அதைக் கண்டுபிடித்து வெளியேற்றினால் தடிப்பு நின்றுவிடும். இதைத் தாங்கள் சொன்னபோது மாதம்மாள் அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்து, "ஆமாங்க, நானும் அதைத்தான் நெனச்சேன்" என்று சொன்னது தங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவள் என்ன நினைத்துச் சொன்னாள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அந்தக் கண்ணுக்குத் தெரியாத பிராணியைத் தேடி நம் வீடு பட்ட பாட்டைச் சொல்ல ஒரு கடிதம் போதாது. கட்டில் கயிற்றையெல்லாம் அவிழ்த்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டோம். அது சுருங்கிப்போய், திரும்பப் பின்னியபோது கட்டில் தொட்டில் ஆயிற்று. நான் அதில் முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்தேன். வீட்டுக்குள் நொச்சியும் வேம்பும் போட்டுப் புகை மூட்டினோம். பிராணி போகவில்லை, பூனை போய்விட்டது, இன்றுவரை திரும்பவில்லை. ஓசூர்க் கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிற பஷீர் அஹமது பாயிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். அவர் கார்போக அரிசி என்கிற மருந்து விதையை இடித்துத் தயிரில் குழைத்துப் பூசச் சொன்னார். பூசிக்கொண்டு வெயிலில் உட்கார வேண்டும் என்றார். இல்லை, நிழலில்தான் உட்கார வேண்டும் என்று தாங்கள் சொன்னீர்கள். பாய் தன் கடையில் நின்றுகொண்டு மருந்தைப் பற்றித் தங்களிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் கழுத்தைத் தடவ ஆரம்பித்ததை நான் கவனித்தேன். கடையில் காற்றோட்டம் குறைவு, அதனால் இருக்கலாம்.

பிறகுதான் அந்த வேப்பிலை விவகாரம். பாயின் மருந்தை ஒதுக்கிவிட்டு, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து உச்சந்தலையிலிருந்து பாதம்வரை பூசினால் எந்தக் காணாக்கடியும் ஓடிவிடும் என்று தாங்களே சொல்லி, தாங்களே அம்மி முன்னால் உட்கார்ந்து அரைத்தீர்கள். அந்தக் காட்சியை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு இளகுகிறது. தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர் வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு எனக்காக அம்மி அரைத்தார். இடுப்பில் ஒரு துண்டோடு வாசலில் பாய் போட்டு என்னை உட்காரவைத்து, தங்கள் கையாலேயே பூசினீர்கள். மிச்சமிருந்த வேப்பங்கொத்தை நிலைப்படியில் சொருகினீர்கள், காற்றும் சுத்தமாக வரட்டும் என்று. அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்துத் தெரு சென்னம்மாள் தயிர்ப் பானையோடு அந்தப் பக்கம் வந்தாள். நிலைப்படியில் வேப்பிலை, வாசலில் மஞ்சள் பூசிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிற நான். பானையை இறக்கி வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் "அதெல்லாம் இல்ல சென்னம்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். பூச்சு காய்கிறவரை வாயசைக்கக் கூடாது என்று தாங்கள் உத்தரவு போட்டிருந்ததால் மூடிக்கொண்டேன். அவள் போய்ச் சொல்லிவிட்டாள். பொழுது சாய்வதற்குள் ராமப்பன் வீட்டில் மாரியம்மா இறங்கியிருக்கிறாள் என்று ஊர் முழுக்கப் பரவிவிட்டது. எல்லார் வீட்டு வாசலிலும் வேப்பிலை ஏறிவிட்டது. நம் வீட்டு முன்னால் கூழ்ச் சட்டி வரிசையாக வந்தது. கோசு வாங்க வந்த வியாபாரி ஊர் எல்லையிலேயே லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான், கோசெல்லாம் கொல்லையிலேயே வெடித்துப்போயிற்று. தாங்கள் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு, இது அம்மை இல்லை, தோல் சம்பந்தப்பட்டது என்று விளக்கிச் சொன்னீர்கள். அம்மா வந்திருக்கிற வீட்டுப் பெரியவர் அம்மா இல்லை என்றுதான் சொல்ல வேண்டும், அதுதான் முறை என்று அவர்கள் தங்களுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்தபடியாக அம்மை குத்துகிறவர் ஓசூரிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினார். என்னைப் பார்த்தார், என் தடிப்பைத் தொட்டுப் பார்த்தார், இது அம்மை இல்லை என்று ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார். அப்படியே திரும்பியிருந்தால் ஒன்றுமில்லை. அம்மை இல்லை என்பதை முதல் நாளே நானே கண்டுபிடித்தாயிற்று, உங்கள் இலாகா இவ்வளவு தாமதமாக வருவதற்குக் காரணம் என்ன என்று தாங்கள் அவரைக் கேட்டீர்கள். அவர் பையைத் திறந்தார். வந்தது வந்தாயிற்று, ஊருக்கே குத்திவிட்டுப் போகிறேன், பெரியவரிடமிருந்து ஆரம்பிக்கலாம் என்றார். தாங்கள் சர்வீஸில் இருந்தபோதே குத்திக்கொண்டதாகச் சொன்னீர்கள். தழும்பைக் காட்டச் சொன்னார். தாங்கள் காட்டிய தழும்பு சின்ன வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்ததில் வந்தது என்று அவர் முடிவு செய்துவிட்டார். இரண்டு கையிலும் குத்தினார்.

அதற்கப்புறம் தங்களுக்கு நல்ல காய்ச்சல். அந்தச் சுருங்கின கட்டிலில் தாங்கள் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தீர்கள். நானும் மாதம்மாளும் மாறி மாறி விசிறினோம். காய்ச்சல் வேகத்தில் ஒரு தடவை சம்பந்தி அம்மாளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, குழம்பில் புளி கூடிவிட்டது, பரவாயில்லை, ஊற்று என்றீர்கள். மாதம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போது அவள் என் முதுகைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள், "ஏங்க, நீங்க நேத்திலிருந்து சொறியவே இல்ல." தொட்டுப் பார்த்தேன். ஒரு தடிப்பும் இல்லை. தாங்கள் அரைத்த மஞ்சள்தான் காரணம் என்று நான் அடித்துச் சொன்னேன். "மஞ்சள் கழுவி எத்தனையோ நாளாச்சு, அவரு பேச்ச நிறுத்திதான் ரெண்டு நாளாச்சு" என்றாள். நான் அவளை அதட்டினேன். காய்ச்சலில் கிடக்கிற மனுஷனைப் பற்றிப் பேசுகிற பேச்சா இது.

பெருமாள் புண்ணியத்தில் தங்களுக்குக் காய்ச்சல் விட்டது. எழுந்து உட்கார்ந்தீர்கள். ஒரு வாய் கஞ்சி குடித்தீர்கள். கிணற்றடியை ஒரு தடவை பார்த்துவிட்டு, "கயித்த ஏன் இப்படி ஈரத்தோட சுருட்டி வெச்சிருக்கீங்க, இத்துப்போயிடாதா?" என்று கேட்டீர்கள். எனக்கு இடது காதுக்குப் பின்னால் தடித்தது. மாதம்மாள் என்னைப் பார்த்தாள். நான் கயிற்றைப் பிரித்துக் காயப்போடுகிற சாக்கில் கிணற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டேன்.

தாங்கள் போனதும் தடிப்பும் போயிற்று. மாரியம்மா மனசு இரங்கிவிட்டாள் என்று சென்னம்மாள் சொன்னாள். கார்போக அரிசி நிதானமாகத்தான் வேலை செய்யும், நான் சொல்லவில்லையா என்று பாய் சொன்னார். தாங்கள் சேலத்திலிருந்து, வேப்பிலை என்று எழுதினீர்கள். எல்லாருக்கும் தலையாட்டினேன். மார்கழி பிறந்தது, தை பிறந்தது. இந்த ஊர்ப் பனி தங்களுக்குத் தெரியாது. தேங்காயெண்ணெய் கல்லாக உறைந்துவிடும். ஊரில் ஒருத்தருக்கு உதடு வெடிக்கும், ஒருத்தருக்குக் குதிகால் பிளக்கும், மாதம்மாளுக்குக் கை முழுக்கச் சாம்பல் பூத்தமாதிரி தோல் உரியும், விளக்கெண்ணெயைத் தடவிக்கொண்டு எல்லாரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு மட்டும் ஒன்றுமே இல்லை. கன்னம் எண்ணெய் தடவின தாம்பாளம் மாதிரி பளபளவென்று இருந்தது. தையில் போயிருந்த ஒரு கல்யாண வீட்டில்கூட என்னை மாப்பிள்ளையின் அண்ணன் என்று நினைத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் தங்கள் கடிதம் வந்தது. அதை நான் கோசுப் பாத்தி ஓரத்தில் நின்று படித்தேன். "ஆடி முடிய" என்கிற இடத்துக்கு வந்தபோது உள்ளங்கை அரித்தது. இரண்டாந்தரம் படித்தபோது முழங்கை. மாதம்மாள் கடிதத்தை வாங்கி மடித்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டு, "கெளம்புங்க பெங்களூருக்கு" என்றாள்.

ஆனேக்கல் வழியாகப் பஸ் ஏறிப் போனோம். அங்கே தோலுக்கென்றே ஒரு டாக்டர் இருக்கிறார், பேர் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். கொஞ்ச வயசுக்காரர். என் முதுகைப் பார்த்தார். நகத்தால் லேசாக ஒரு கோடு கிழித்தார், அந்தக் கோடு அப்படியே எழும்பி நின்றது. எப்போதிலிருந்து என்று கேட்டார், கோடையில் வரும், கோடை முடிந்தால் போய்விடும் என்றேன். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். களி என்றேன். களி நல்லது என்றார். இதைத் தாங்கள் கவனிக்க வேண்டுமென்று எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கன்னடத்தில், "பேசிகேலி மனெகெ யாராதரூ பர்தாரா?" என்றார். கோடையில் வீட்டுக்கு யாராவது வருகிறார்களா என்று அர்த்தம். நான் யோசித்து, யாரும் வருவதில்லை என்றேன். தங்களை யாரோ ஒருவர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

"எங்க சம்பந்தி வராரு டாக்டரே" என்றாள் மாதம்மாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எவ்வளவு நாள் தங்குவார்?"

"இந்தத் தடவை மூணு நாலு மாசமாம். அவரு பஸ்ஸ விட்டு எறங்கினா இவருக்குத் தடிக்கும், ஏறினா அடங்கும். காய்ச்சல்ல படுத்து வாய மூடியிருந்தாரு, அப்பவும் அடங்கிச்சு."

டாக்டர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன். பரீட்சைக்கு முன்னால் பையன்களுக்கு இப்படி வருகிறது, மழை பொய்த்தால் குடியானவர்களுக்கு வருகிறது, ஒவ்வொருத்தருக்கும் ஒரு பருவம் இருக்கிறது, அந்தப் பருவத்துக்கு ஒரு கவலை இருக்கிறது, வாயால் சொல்ல முடியாத கவலையைத் தோல் சொல்லிவிடுகிறது என்றார். மருந்து என்ன என்று கேட்டேன். ஒரு களிம்பு எழுதித் தந்துவிட்டு, "இது அரிப்புக்கு. மத்ததுக்கு என் அலமாரியில் ஒன்றும் கிடையாது. இந்த வருஷம் மட்டும் அவரை வர வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள்" என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் நான் மாதம்மாளோடு பேசவில்லை. ஆனேக்கல் தாண்டியதும் அவளே ஆரம்பித்தாள்.

"நான் பொய்யா சொன்னேன்?"

"பொண்ணு குடுத்த எடம் அது. ராஜாத்தி அந்த வீட்ல இருக்கா. நாளைக்கு இவரு மூஞ்சி தூக்கினா அவளுக்குத்தான் கஷ்டம்."

"அதுக்காக நீங்க தோல உரிச்சுக் குடுப்பீங்களா?"

"சம்பந்தி மாதிரி ஒரு மனுஷன் கெடைக்கமாட்டாரு" என்று சொன்னேன். சொல்லும்போது எந்தக் கையால் எங்கே சொறிந்துகொண்டிருந்தேன் என்று அவள் சுட்டிக்காட்டினாள். அப்புறம் தளி வரைக்கும் நாங்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம்.

அந்த டாக்டர் சொன்னதை நான் நம்பவில்லை. ஒரு துளிகூட நம்பவில்லை என்பதைத் தங்களுக்குத் தெரியப்படுத்தத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். இருந்தாலும் படித்தவர் சொன்னது பொய் என்று நிரூபிக்க வேண்டும் அல்லவா. அதற்காக, ஒரு பரீட்சையாக, இந்த ஒரு கோடை மட்டும் தாங்கள் வராமல் இருந்து பார்த்தால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. தாங்கள் வராமலே எனக்குத் தடித்தால் அந்த டாக்டர் முகத்தில் கரி பூசலாம். தங்களுக்குச் சேலத்து வெயில் ஒத்துக்கொள்ளாது என்பது எனக்குத் தெரியாததா. ஏற்காடு மலை தங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றாலே தெரிகிறது என்று ராஜாத்தி சொல்லியிருக்கிறாள். நல்ல குளிர்ச்சி என்று கேள்வி. ஓசூருக்கும் தளிக்கும் பஸ் மாறி இடுப்பு நோக வருவதைவிட, அங்கே போய்த் தங்கினால் மாடு பூட்டுகிறவர்கள், கோசு நடுகிறவர்கள், தங்களிடம் கற்றுக்கொள்ள வேண்டிய ஜனங்கள் எவ்வளவோ பேர் இருப்பார்கள். எங்களுக்கே எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டால் அவர்கள் கதி என்ன. வேண்டுமானால் ஐப்பசி அடைமழையில் ஒரு வாரம் இங்கே வந்து இருந்துவிட்டுப் போகலாம். அப்போது வெளியில் இறங்க முடியாது, ஆனால் வீட்டுக்குள்ளே கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கலாம், பேசக்கூட வேண்டியதில்லை.

தாங்கள் இதை வித்தியாசமாக எடுத்துக்கொள்ளமாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஊரில் எத்தனையோ சம்பந்திகள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தாங்கள் பேசுகிறீர்கள். அம்மி முன்னால் உட்கார்ந்து எனக்காக அரைத்த கை தங்களுடையது. அதை நான் உயிர் உள்ளவரை மறக்கமாட்டேன். நான் சொல்வதெல்லாம், நன்றி மறக்காமல் இருப்பதற்குக் கொஞ்ச தூரம் இருந்தால் சௌகரியமாக இருக்கிறது என்பதுதான்.

மாப்பிள்ளைக்கும் ராஜாத்திக்கும் எங்கள் ஆசீர்வாதம். அவர்களுக்குப் பிள்ளை குட்டி பெருகி, தங்கள் மடியில் பேரன் ஏறி விளையாடவும், தாங்கள் அவனுக்கு நடை, பேச்சு, கணக்கு எல்லாம் தாங்களே சொல்லிக்கொடுக்கவும், அது சேலத்திலேயே நடக்கவும் பெருமாள் அருள் புரியட்டும். மாதம்மாள் தங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
ராமப்பன்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகிற நேரத்தில் வாசலில் மாப்பிள்ளையும் ராஜாத்தியும் வந்து நிற்கிறார்கள். யுகாதிக்குத் தாய் வீட்டைப் பார்த்துவிட்டு வரச் சொல்லித் தாங்களே அனுப்பினீர்களாம். பெரிய மனசு. பிள்ளைகள் இருவரும் சௌக்கியம். சேலத்து வெயிலிலிருந்து வருகிறவளுக்கு முழுக்கை ரவிக்கை எதற்கு என்று மாதம்மாள் ராஜாத்தியைக் கேட்டாள். பிறகு இருவரும் உள்ளே போய் ரொம்ப நேரம் பேசினார்கள். ஒன்றுமில்லை, மணிக்கட்டிலிருந்து தோள்வரை கொஞ்சம் தடித்திருக்கிறது, சேலத்துத் தண்ணீர்தான் காரணம் என்று அவள் சொல்கிறாள். வருஷம் பூராவும் இருக்கிறதாம், சித்திரை வைகாசியில் மட்டும் சுத்தமாகப் போய்விடுகிறதாம். அந்த இரண்டு மாசமும் தண்ணீர் நன்றாக இருக்கும் போலிருக்கிறது. அவள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், "மாமா எப்பப்பா இங்க வராரு?" மாதம்மாள் என்னைப் பார்த்தாள். பிறகு அவளே மைக்கூட்டை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள்.

ஆகையால் தாங்கள் சித்திரை பிறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். பிள்ளைகள் திரும்பி வந்து சேர்ந்ததும் உடனே கிளம்பி வந்துவிடவும். ஆடி முடிய என்று எழுதியிருந்தீர்கள், அது எப்படிப் போதும். தீபாவளி இங்கேயே வைத்துக்கொள்ளலாம், பொங்கலையும் பார்த்துவிட்டுப் போகலாம். ஏற்காடு பக்கம் போகவே வேண்டாம், அங்கே காய்ச்சல் என்று சொல்கிறார்கள். அந்த பெங்களூர் டாக்டர் ஒரு அரைகுறை. தாங்கள் ஆபீஸ் வழக்கப்படி எந்தக் கடிதத்தையும் கையெழுத்துக்குக் கீழேயிருந்து படிக்க ஆரம்பிப்பவர் என்று மாப்பிள்ளை சொல்கிறார். மெத்தச் சந்தோஷம். இதோடு நிறுத்திக்கொள்ளவும். மேலே இருப்பது வெறும் சௌக்கிய விசாரணைதான், அதற்காகக் கண்ணை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை. தபால் பை கட்டுகிற நேரம் ஆகிவிட்டது, இல்லாவிட்டால் வேறு தாளில் அழகாக எழுதியிருப்பேன். இந்த நாலு வரியில் எழுத்து அங்கங்கே கோணிப்போயிருக்கிறதே என்று பார்க்க வேண்டாம். ஒரு கைதான் எழுதுகிறது, இன்னொரு கைக்கு வேறு வேலை வந்துவிட்டது.